நாம்பனுக்குத் தீன்: வைக்கோலைப் பதப்படுத்திக் கொடுக்கும் முறை

கமக்காரரே, உங்கள் வளவில் நிற்கும் நாம்பனைச் சற்று நினைத்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாரி மழை பெய்து தென்னையின் கீழே புல் செழித்திருந்தபோது அதன் விலா எலும்புகள் மறைந்திருந்தன, தோலும் மினுங்கியது. வெயில் ஏறிப் புல் கருகியதும் அதே எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணக்கூடியதாயிற்று. மாரியில் ஏறிய எடையில் ஒரு பெரும் பங்கைக் கோடை பறித்துக்கொள்கிறது. அடுத்த மாரியில் அந்த நாம்பன் புதிதாக வளர்வதில்லை, இழந்ததைத்தான் மீட்கிறது. இவ்வாறு ஏறியும் இறங்கியும் அது விற்பனைக்குரிய பருமனை அடைவதற்கு ஓரிரு வருடங்கள் வீணே கூடிவிடுகின்றன. அத்தனை காலமும் தண்ணீர் காட்டியவரும், கயிறு மாற்றிக் கட்டியவரும், களவு போகாமற் காத்தவரும் நீங்களே.

கனமூலை, மதுரங்குளி, முந்தல் ஆகிய இடங்களில் ஒன்று முதல் ஐந்து வரையான மாடுகளை இறைச்சிக்கென வளர்ப்போர் பலர். அவர்களிற் பெரும்பாலார் தோட்டமும் செய்பவர்கள். சிலர் வயலும் செய்பவர்கள். இப்பிரசுரம் அவர்களுக்காகவே எழுதப்பட்டது. பெரிய பண்ணைகளுக்குரிய இயந்திரங்களைப் பற்றி இங்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. உங்களிடம் இருக்கும் பூவாளி, படங்கு, கடகம், ஒரு தராசு என்பனவே போதுமானவை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நம் பகுதியில் வழக்கமாக நடப்பது யாதெனின், பெருநாளுக்கு மூன்று நான்கு கிழமைகளின் முன் நாம்பனைக் கொட்டிலிற் கட்டி, சாக்குக் கணக்கில் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கி வைப்பதாகும். அதனால் வயிறு பருக்கும், சதை ஏறாது. திடீரெனக் கூடுதலான புண்ணாக்கைத் தின்ற மாடு கழியவும் தொடங்கும். செலவழித்த பணத்தில் ஒரு பங்கு சாணத்தோடு வெளியே போய்விடும். உழ்ஹிய்யாவுக்குரிய மாடு இரண்டு வயது பூர்த்தியானதாகவும், நொண்டி, குருடு, நோய், மிகுந்த மெலிவு ஆகிய குறைகள் அற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழு பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்க வரும்போது அவர்கள் முதலிற் பார்ப்பது விலாவையும் இடுப்பையுமே. அவ்வேளை மாடு மெலிந்திருந்தால் நீங்கள் விலை சொல்ல மாட்டீர்கள், வாங்குபவரே சொல்வார்.

வைக்கோலிலுள்ள குறை

மாடு தின்னும் நாரை மாடு தானே சமிபாடடையச் செய்வதில்லை. அதன் முதலிரைப்பையிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரை உடைத்து மாட்டுக்குச் சக்தி கொடுப்பவை அவையே. பின்னர் அந்நுண்ணுயிர்களும் குடலுக்குட் சென்று மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டைப் போசிக்க விரும்புபவர் முதலில் அந்நுண்ணுயிர்களைப் போசித்தல் வேண்டும். அவற்றுக்கு இன்றியமையாதது நைதரசன். தீனின் உலர்பொருளில் ஏறத்தாழ 7 சதவீதப் புரதமாவது இல்லாவிடின் அவை போதிய அளவு பெருக மாட்டா. நெல் வைக்கோலிற் காணப்படுவதோ 3 முதல் 5 சதவீதம் மாத்திரமே. அன்றியும் வைக்கோலின் நாரானது சிலிக்கா, மரச்சத்து முதலியவற்றால் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், தின்றதிற் பாதிக்குக் குறைவானதே சமிபாடடைகிறது. மீதி முதலிரைப்பையில் நெடுநேரம் தங்கியிருக்கும். அது கழியும் வரை மாட்டுக்குப் பசியெடுப்பதில்லை. வெறும் வைக்கோல் தின்னும் மாடு வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடக்கிறது என்று நான் கூறுவது இதனாற்றான்.

இக்குறையை யூரியாவினால் நீக்கலாம். யூரியாக் கரைசல் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்த வைக்கோலில், யூரியா சிதைந்து அமோனியா வாயுவாகிறது. அவ்வாயு நாரின் பிணைப்பைத் தளர்த்துகிறது; அதில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கி நுண்ணுயிர்களுக்கு நைதரசனாகவும் பயன்படுகிறது. இவ்வாறு பதப்படுத்திய வைக்கோலின் புரத அளவு 7 முதல் 9 சதவீதம் வரை உயரும். அது மிருதுவாகிச் சமிபாடும் கூடுவதனால், மாடு முன்னையிலும் கூடுதலாக, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகமாகத் தின்னும்.

இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த புதினமன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எம். சி. என். ஜயசூரியவும் அவருடன் பணியாற்றியவரும் நெல் வைக்கோலை யூரியாவினாற் பதப்படுத்திச் செய்த ஆராய்ச்சியின் பேறுகளை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து நெதர்லாந்து நாட்டின் உதவியோடு வைக்கோற் பயன்பாட்டுத் திட்டமொன்று இலங்கையில் நடைபெற்றது. 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்விடயம் பற்றி ஒரு சருவதேசக் கருத்தரங்கும் கண்டியிற் கூட்டப்பட்டது. அவ்வாறாயின் இம்முறை ஏன் ஊரெங்கும் பரவவில்லை என நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. வீதியோரத்திலும் குளக்கரையிலும் பச்சைப் புல் இலவசமாகக் கிடைக்கும்போது யூரியாவுக்கும் பொலித்தீனுக்கும் பணம் செலவழிப்பதில் இலாபமில்லை. இரண்டு போத்தல் பால் கறக்கும் பசுவுக்காக இந்தப் பாடுபடுவதும் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் மலிவாகவும், புல் அரிதாகவும், மாட்டின் எடைக்கு நல்ல விலையும் இருக்கும் இடத்திலேயே இது பயன் தரும். இம்மூன்றும் ஒருங்கே கூடிவருவது இறைச்சி மாட்டைக் கொழுக்க வைக்கும் கோடை மாதங்களிலாகும். ஆதலால் வருடம் முழுவதும் இதனைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. விற்பனைக்கு முந்திய 90 நாட்களுக்கு மாத்திரம் செய்யுங்கள் என்கிறேன்.

சீன தேசத்திலும் இவ்வாறே நடந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அந்நாட்டின் ஹெனான் முதலிய மாகாணங்களில், ஒன்றிரண்டு மாடுகளை வைத்திருந்த சிறு கமக்காரர் அமோனியா ஏறிய வைக்கோலோடு சிறிதளவு பருத்திக்கொட்டைப் புண்ணாக்குச் சேர்த்துக் கொடுத்து இறைச்சி மாடு வளர்த்தனர். அங்கு கண்ட ஓர் உண்மை நமக்கும் பொருந்தும். முதலிற் சேர்க்கும் சிறிதளவு புண்ணாக்கே மிகுந்த எடையை ஏற்றுகிறது. அதற்குமேற் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே வருகிறது.

பதப்படுத்தும் முறை

கணக்கை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்: 10 கிலோ வைக்கோல், 10 இலீற்றர் தண்ணீர், 400 கிராம் யூரியா. இது தோட்டத்தில் நீங்கள் பாவிக்கும் பூவாளி ஒன்றின் அளவாகும். இரண்டு நாம்பன்களுக்கு ஒரு குவியல் 100 கிலோ வைக்கோலாக இருத்தல் நன்று. அதற்கு 4 கிலோ யூரியாவும் 100 இலீற்றர் தண்ணீரும் வேண்டும். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள நாம்பன் நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் மூன்றரைக் கிலோ வைக்கோல் தின்னும். இரண்டுக்கும் 7 கிலோ; 14 நாளைக்கு 98 கிலோ. எனவே ஒரு குவியலைத் தின்று முடிக்கும் காலத்தில் மற்றக் குவியல் பதமாகிவிடும். இவ்வாறு இரண்டு குவியல்களை மாறி மாறிப் போட்டு வந்தால் ஒருநாளும் தட்டுப்பாடு வராது.

நம் மண் மணற்பாங்கானது. கிடங்கு வெட்டினால் அதன் சுவர் சரியும். மழை பெய்தால் நீரும் ஊறும். ஆகவே கிடங்கு வேண்டாம். கொட்டிலின் ஒரு மூலையில், ஒன்றரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமாகத் தென்னங்குற்றிகளையோ பழைய பலகைகளையோ கொண்டு ஓர் அடைப்பு அமையுங்கள். அடியிலும் பக்கங்களிலும் பொலித்தீன் விரியுங்கள். பொலித்தீனில் ஓட்டை இருந்தால் ஒட்டிவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காத, நல்ல மணமுள்ள, உலர்ந்த வைக்கோலை நிறுத்து 10 கிலோவாகப் பிரித்து வையுங்கள். கைப்பிடியாலும் கண்மதிப்பாலும் அளக்க வேண்டாம். யூரியா விடயத்தில் கண்மதிப்பு ஆபத்தானது. 400 கிராம் யூரியாவை ஒருமுறை நிறுத்து, அது ஒரு தகரப் பேணியில் எவ்வளவு வருகிறதெனக் கோடு கீறி வைத்துக்கொண்டால் பின்னர் அந்தப் பேணியே அளவாகும்.

யூரியாவைப் பூவாளித் தண்ணீரில் இட்டு, பரல் ஒன்றும் அடியில் தங்காதபடி நன்றாகக் கலக்குங்கள். அடைப்பினுள்ளே 10 கிலோ வைக்கோலைப் பரப்பி, ஒரு பூவாளி நீரை எங்கும் ஒரேசீராகத் தெளித்து, காலால் நன்றாக மிதியுங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. இவ்வாறு பத்து அடுக்கு. மிதிப்பதிற் சோம்பல் கூடாது. நான் பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து போட்ட முதற் குவியலை இரண்டு கிழமையின் பின் திறந்தபோது நடுப்பகுதி முழுவதும் வெள்ளைப் பூஞ்சணமாயிருந்தது. பரிமாறும் நேரம் நெருங்கிவிட்டதென்று கடைசி நான்கு அடுக்குகளை நாங்கள் மிதிக்காமல் விட்டதே காரணம். காற்று இருந்த இடத்திற் பூஞ்சணம் புகுந்துவிட்டது. அந்தக் குவியலை அள்ளிப் பசளைக் குழியிற் கொட்டும் வேலையும் எங்கள் நால்வருக்கே கிடைத்தது.

மேலே பொலித்தீனை மடித்து மூடி, அதன்மேல் மணற் சாக்குகளையும் குற்றிகளையும் பாரமாக வையுங்கள். நம் பகுதியின் வெப்பத்திற் பத்து நாட்களில் ஓரளவு பதமாகும். இரண்டு கிழமை விடுவதே நல்லது. இடையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நன்றாகப் பதமான வைக்கோல் கடும் மஞ்சள் அல்லது மண்ணிறமாகவும், கையில் மிருதுவாகவும், மூக்கை உறைக்கும் அமோனியா மணமுடையதாகவும் இருக்கும். மணம் இல்லையெனில் எங்கோ காற்றுப் புகுந்துள்ளது. கறுத்தோ வெள்ளை பூத்தோ இருக்கும் பகுதியை எடுத்து எறிந்துவிடுங்கள். அதனை மாட்டுக்குக் கொடுக்கலாகாது.

ஒரு பக்கத்தால் மாத்திரம் திறந்து, அடுத்த நாளைக்கு வேண்டிய அளவை மாலையில் எடுத்து நிழலிற் பரப்பி விடுங்கள். இரவில் மிகுதியான அமோனியா பறந்துவிடும். எடுத்தவுடன் மீண்டும் மூடுங்கள். முதல் நாள் மாடு முகர்ந்துவிட்டு விலகி நிற்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். பழகிய வைக்கோலோடு காற்பங்கு, பின்னர் அரைப்பங்கு எனக் கலந்து கொடுத்தால் நான்கைந்து நாட்களில் அதனையே தேடித் தின்னும்.

உயிருக்கு ஆபத்தானவை

யூரியா தீனுமாகும், நஞ்சுமாகும். இப்பிரசுரத்தில் வேறெதனை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள்.

யூரியாவை நேராகத் தீனிலோ குடிநீரிலோ கலந்து கொடுத்தல் கூடாது. கலக்கிய கரைசல் உள்ள பூவாளியையும் வாளியையும் மாடு, ஆடு, கன்று எட்டாத இடத்தில் வையுங்கள். தாகமுள்ள மாடு அதனை ஒரே மூச்சிற் குடித்துவிடும். எஞ்சிய கரைசலைத் தென்னையின் அடியில் ஊற்றிவிடுங்கள். அடைப்பின் அடியில் வடிந்து தேங்கும் நீரும் அவ்வாறே ஆபத்தானது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோல் வேண்டாம். அவற்றின் முதலிரைப்பை இன்னும் முற்றாக விருத்தியடையவில்லை. நாள் முழுவதும் பட்டினி கிடந்த மாட்டுக்கு இதனை முதற்றீனாகக் கொடுத்தலும் தகாது.

யூரியா நஞ்சேறிய மாடு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குள் அமைதியிழந்து நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு ஊதும், மூச்சு வாங்கும். அவ்வேளை கால்நடை வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவியுங்கள். அவர் வந்து சேரும் வரை இரண்டு முதல் நான்கு இலீற்றர் வினாகிரியைப் பெருமளவு குளிர்ந்த தண்ணீருடன் சேர்த்து, புரையேறாதபடி மெதுவாக வாய்வழியே பருக்குங்கள். தென்னஞ் சாராற் செய்த வினாகிரி நம் பகுதிக் கடைகளிற் கிடைக்கக்கூடியதே. யூரியாவிற் கைவைக்கும் அன்றே அதனையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூரியாவைப் பற்றி இன்னுமொன்று. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி சில மாதங்கள் தடை செய்யப்பட்டிருந்தபோது அதன் அருமையை நாம் எல்லோரும் அறிந்துகொண்டோம். இரண்டு நாம்பன்களுக்கு 90 நாளைக்கு ஏழு குவியல். 28 கிலோ யூரியா. 50 கிலோ மூடையில் அரைவாசிக்குச் சற்றுக் கூடுதல். வாங்கு முன்னர் உங்கள் ஊர் விலையிற் கணக்குப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ புண்ணாக்குக் கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எது மலிவு என்பதை உங்கள் கையெழுத்தே சொல்லும்.

பச்சை இலையும் புண்ணாக்கும்

பதப்படுத்திய வைக்கோல் மாத்திரம் மாட்டை மெலியாமற் காக்கும், கொழுக்க வைக்காது. அதற்கு நல்ல புரதமும், வைக்கோலில் அறவே இல்லாத பச்சைச் சத்தும் வேண்டும். நம் வேலிகளில் நிற்கும் கிளிசரிடியா, அதாவது சீமைக்கிளுவை, இதற்கெனவே படைக்கப்பட்டது போன்ற மரம். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குப் பசுந்தாட் பசளையாக விதந்துரைத்து வந்ததும் இதுவே. இதன் இலையின் உலர்பொருளில் 20 சதவீதத்துக்கு மேற் புரதமுண்டு; கோடையிலும் துளிர்க்கும். வேலியை ஒரேயடியாக வெட்டாது, பத்துப் பத்து மரமாக முறைவைத்து வெட்டினால் 90 நாளும் இலை கிடைக்கும். இதன் மணம் மாட்டுக்கு முதலிற் பிடிப்பதில்லை. காலையில் வெட்டிய கொப்பை மாலை வரை வாடவிட்டு, சிறிது உப்புநீர் தெளித்துக் கொடுங்கள். இப்பில் இப்பில் இலையும் நல்லதே. ஆனால் மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்கை அது தாண்டினால் அதிலுள்ள நச்சுப்பொருளால் மயிர் கொட்டும்.

தோட்டக் கழிவுகளைப் பற்றிக் கூறாது விடலாகாது. நிலக்கடலைக் கொடி, பயற்றங்கொடி, கௌபிக்கொடி ஆகியன வைக்கோலிலும் பன்மடங்கு சிறந்தவை. அவற்றை வெயிலிற் காயவைத்துச் சேமியுங்கள். வெங்காயத் தாளையும் அழுகிய வெங்காயத்தையும் மாட்டின்முன் கொட்டும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். கூடுதலாகத் தின்றால் அது மாட்டின் இரத்தத்தைக் கெடுக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். மாடு சோர்ந்து விழும். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயச் செய்கையாளர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கிருமிநாசினி தெளித்த மிளகாய், கத்தரிக் கழிவுகளும் வேண்டாம்.

தேங்காய்ப் புண்ணாக்கு நம் மாவட்டத்தின் சொத்து. அதில் ஏறத்தாழ 20 சதவீதப் புரதமுண்டு. ஒரு நாம்பனுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ போதுமானது. முதற் கிழமையில் 250 கிராமிற் றொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, காலையிலும் மாலையிலும் பகுதி பகுதியாகக் கொடுங்கள். காறிய மணம் வீசுவதையும் பூஞ்சணம் பிடித்ததையும் மலிவென்று வாங்க வேண்டாம்.

ஆகவே 200 கிலோ நாம்பனுக்கு ஒரு நாளைத் தீன் இவ்வாறு அமையும்: ஈரத்தோடு நிறுத்த பதப்படுத்திய வைக்கோல் 7 கிலோ, வாடிய கிளிசரிடியா இலை 4 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ, நெற்றவிடு அரைக் கிலோ, கனியுப்புக் கலவை ஒரு சிறு கைப்பிடி. வைக்கோலை அளந்து நிறுத்திவிடாது, தொட்டியில் எந்நேரமும் சிறிது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இத்தீனில் நாட்டு நாம்பன் நாளொன்றுக்குக் காற்கிலோவுக்கு மேலும், கலப்பின நாம்பன் அதனிலும் கூடுதலாகவும் எடை ஏறுமென எதிர்பார்க்கலாம். குடற்புழு உள்ள மாட்டில் இது பலியாது. கொழுக்க வைக்கத் தொடங்கும் போதே கால்நடை வைத்திய அலுவலகத்திற் புழு மருந்து கொடுப்பித்து, கால்வாய் நோய்த் தடுப்பூசியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொட்டியும் தண்ணீரும்

நிலத்திற் போட்ட வைக்கோலை மாடு பாதி தின்னும், பாதி மிதிக்கும். சாணமும் சிறுநீரும் பட்டதை அது திரும்பிப் பாராது. இவ்வளவு பாடுபட்டுப் பதப்படுத்தியதைக் காலடியிற் கொட்டுவது முறையன்று. தென்னங்குற்றியைப் பிளந்து, முழங்கால் உயரத்தில் ஒரு தொட்டி அமையுங்கள். மாட்டின் தலை மட்டும் உள்ளே போகும்படி நிறுத்துக்கம்புகளை நடுங்கள். கொட்டிலுக்குக் கிடுகுக் கூரை ஒன்றும் வேண்டும். உச்சி வெயிலில் மூச்சிரைக்கும் மாடு தின்னாது.

உலர்தீன் தின்னும் நாம்பன் கோடையில் நாளொன்றுக்கு 20 முதல் 30 இலீற்றர் தண்ணீர் குடிக்கும். இரண்டு வேளை வாளியைக் காட்டிவிட்டுப் போவது போதாது. தண்ணீர் குறைந்தால் தீனும் குறையும். நம் கரையோரக் கிணறுகள் சில கோடையில் உவர்த்துப்போகும். நாவில் உப்புத் தெரியும் நீரானால் தீனில் மேலும் உப்பிட வேண்டாம். நல்ல நீரானால் நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போதும். பாலாவி உப்பளம் அருகிலிருக்க இதற்கென விலையுயர்ந்த நக்குக்கட்டி வாங்குவது அவசியமில்லை என்பது என் கருத்து.

அளந்து பார்த்தல்

தரகர் கண்ணால் எடை மதிப்பார். அவர் கண் தேர்ந்த கண். ஆனால் அது அவருக்காகப் பார்க்கும் கண். நீங்கள் தையற்காரரின் அளவுநாடா ஒன்றை வாங்குங்கள். மாட்டைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்கால்களின் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை உடலின் நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் வரும். உதாரணமாக, சுற்றளவு 132, நீளம் 120 ஆயின் எடை ஏறத்தாழ 193 கிலோ. இது மதிப்பேயன்றித் தராசன்று. ஆயினும் ஒரே மாட்டை இரண்டு கிழமைக்கொருமுறை, காலைத் தீனுக்கு முன், ஒரே ஆள் அளந்து கலண்டரில் எழுதி வந்தால் ஏற்றம் தெரியும். ஒரு மாதமாகச் சுற்றளவு கூடவில்லையெனில் தீனைக் கூட்டுமுன் புழுவையும், தண்ணீரையும், குவியலின் மணத்தையும் சோதியுங்கள். சுற்றளவு நன்றாக ஏறிவந்து பின் நின்றுவிட்டால் அந்த மாடு விற்பதற்குரிய நிலையை அடைந்துவிட்டது. அதன்பின் கொடுக்கும் புண்ணாக்கு நட்டமே.

எப்போது தொடங்குவது

பெருநாள் பிறைக்கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும். 2025ஆம் ஆண்டில் அது ஜூன் 7ஆந் திகதி வந்தது. 2030இல் ஏப்ரில் நடுப்பகுதிக்கும், 2033இல் மார்ச்சு மாதத்துக்கும் வந்துவிடும். நம் பயிர்க்காலங்களோ அசைவதில்லை. இதனை எண்ணிப் பாராமல் முன்னர் செய்தபடியே செய்பவர் வைக்கோல் இல்லாத வேளையில் வைக்கோல் தேடுவார்.

பெருநாள் மே மாத முடிவில் வரும் ஆண்டில், விற்பனைக்கு இரண்டு கிழமை கழித்துப் பின்னோக்கி எண்ணினால் பெப்ரவரி நடுப்பகுதியிற் கொழுக்க வைக்கத் தொடங்க வேண்டும். முதற் குவியல் அதற்கும் இரண்டு கிழமை முன்னர், பெப்ரவரித் தொடக்கத்திற் போடப்படல் வேண்டும். பெரும்போக அறுவடை அப்போது முடிந்திராது. ஆகவே முதல் இரண்டு குவியல்களுக்கு வேண்டிய வைக்கோல் முந்திய சிறுபோகத்திலிருந்து உங்கள் கைவசம் இருத்தல் வேண்டும். மீதி பெரும்போகத்திலிருந்து வரும். பெருநாள் ஏப்ரிலுக்கு நகரும்போது ஏறக்குறைய முழுத் தேவைக்கும் சிறுபோக வைக்கோலையே நம்பியிருக்க வேண்டும். மார்ச்சுக்கு வரும் ஆண்டுகளில் 90 நாட்களில் முற்பாதி மாரிப் புல் நிற்கும் காலத்திலேயே அமையும். அப்போது பதப்படுத்திய வைக்கோல் வேண்டியதில்லை. பச்சைப் புல்லோடு புண்ணாக்கைச் சேர்த்து, பிற்பாதிக்கு மாத்திரம் மூன்று நான்கு குவியல் போட்டாற் போதும்.

வைக்கோல் எங்கிருந்து வரும்? நெல்லின் எடைக்கு ஏறத்தாழ ஒத்த எடையான வைக்கோல் ஒவ்வொரு வயலிலும் விளைகிறது. இரண்டு நாம்பன்களுக்கு வேண்டிய 700 கிலோ ஓர் ஏக்கரிலிருந்தே தாராளமாகக் கிடைக்கும். வயலில்லாதவர் தப்போவை, இங்கினிமிட்டியா நீர்ப்பாசன வயல்களில் அறுவடை நடக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். நெற்செய்கையாளரே, அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலுக்கு நீங்கள் தீ வைக்கும்போது ஒருவரின் மூன்று மாதத் தீன் எரிகிறது. உங்கள் வயலுக்குத் திரும்ப வேண்டிய பொற்றாசியச் சத்திலும் ஒரு பகுதி சாம்பலாகி முதல் மழையோடு ஓடுகிறது. அயலிலுள்ள மாட்டுக்காரருக்கு வைக்கோலைக் கொடுத்துச் சாணப் பசளையாகத் திரும்பப் பெறும் உடன்பாடு இருவருக்கும் இலாபமானது. காய்கறித் தோட்டக்காரருக்கும் இதுவே பொருந்தும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட நைதரசன் பசளை கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்துள்ளதை ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். மக்கிய சாணம் அவ்வளவு விரைவாக மணலினூடே வடிந்து போகாது.

இயந்திரம் சென்ற வயலில் வைக்கோலை அன்றைக்கோ மறுநாளோ வாரிக் கட்டுங்கள். பனியிலும் மழையிலும் இரண்டு மூன்று இரவு கிடந்தால் கறுத்துவிடும். வளவில் தென்னங்குற்றிகளை அடுக்கி, நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் போர் வையுங்கள். உச்சியைக் கூராகக் கட்டி, கிடுகோ படங்கோ போட்டு மூடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் போரின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பிரித்துக் காயவைக்க வேண்டும். மேலே நனைந்து கெட்டுப்போன வைக்கோலை மாட்டுக்கு வைக்காது, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.